1.2 மி.மீ. சைலன்சர் பைப்பை மிக் வெல்டரில் பத்தவைக்கும்போது ஓட்டை விழுகிறது: செட்டிங் தப்பா, முறை தப்பா?

வெண்பொறி:

வணக்கம். ஒரு பழைய பெட்ரோல் காரில் சைலன்சருக்கு முன்னால் வரும் நடுப் பைப், வளைவுக்குப் பக்கத்தில் துரு அரித்து ஓட்டையாகிவிட்டது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு 42 மி.மீ. வெளிவிட்டம் உள்ள புதுப் பைப்பை வைத்து இணைக்க வேண்டும். புதுப் பைப்பின் கனம் வெர்னியரில் 1.2 மி.மீ. பழைய பைப்பை வெட்டிய முனையில் அளந்தால் சில இடத்தில் 1.0, சில இடத்தில் 0.7தான் இருக்கிறது.

மெஷின் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் மிக் (கம்பி தானாக ஓடிவந்து உருகும் வெல்டர்), 200 ஆம்பியர். 0.8 மி.மீ. செம்புப் பூச்சுக் கம்பி, கேஸ் சுத்தமான கார்பன் டை ஆக்சைடு. கம்பி வேகம் நிமிடத்துக்கு 4.5 மீட்டர், 16 வோல்ட் வைத்தால் வெல்டு கயிறு மாதிரி மேலேயே உட்கார்ந்துகொள்கிறது, உளியால் தட்டினால் பெயர்கிறது. வேகத்தை அப்படியே விட்டு 18 வோல்ட்டுக்கு ஏற்றினால் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் ஒன்றரை சென்டிமீட்டர் போவதற்குள் உருகி விழுந்துவிடுகிறது. ஓட்டையை அடைக்கப் போனால் அது இன்னும் பெரிதாகிறது. இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் வைத்துத்தான் இணைக்கிறேன். ஒரு பக்கம் ஒட்டி நிற்கிறது, எதிர்ப்பக்கம் ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளி.

0.6 கம்பிக்கு மாறினால் சரியாகுமா? கேஸையும் மாற்ற வேண்டுமா? சுற்றி ஒரே ஓட்டமாக ஓட்டுவதா, புள்ளி புள்ளியாக வைப்பதா?

தகடுதட்டி:

மெஷினைத் தொடுவதற்கு முன்னால் பைப்பைப் பாருங்கள் நண்பரே. 1 மி.மீ. இடைவெளியும் 0.7 மி.மீ. தகடும் ஒன்று சேர்ந்தால் எந்த செட்டிங்கும் உங்களைக் காப்பாற்றாது. ஆர்க் (கம்பி நுனியில் எரியும் மின்பொறி) எப்போதும் இரண்டு விளிம்புகளையும் ஒரே நேரத்தில் உருக்க வேண்டும். நடுவில் வெற்றிடம் இருந்தால் இரண்டு விளிம்பும் தனித்தனியாகச் சூடேறிப் பின்வாங்கும், வெற்றிடம் அகலும். மெல்லிய தகட்டில் இடைவெளி கம்பியின் விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 0.8 கம்பி என்றால் 0.4 மி.மீ. அதற்கு மேல் இருந்தால் பத்தவைக்க வேண்டாம், திரும்ப வெட்டுங்கள்.

பழைய பைப் உள்ளிருந்துதான் அரிக்கும். எரிந்த பெட்ரோலில் வரும் நீராவி பைப் சூடாவதற்கு முன்னால் உள்ளே தண்ணீராக நிற்கிறது, கூடவே அமிலமும் சேர்கிறது. கிட்டத்துப் பயணம் மட்டும் போகும் வண்டியில் அது காய்வதே இல்லை. அதனால் வெளியே பளபளப்பாகத் தெரியும் இடம்கூட உள்ளே பாதியாகத் தேய்ந்திருக்கும். சின்னச் சுத்தியலால் பைப்பைச் சுற்றித் தட்டிக்கொண்டே பின்னால் போங்கள். ‘கணீர்’ என்று கேட்டால் கனம் இருக்கிறது, ‘பொத்’ என்று கேட்டால் இல்லை. ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள், குழி விழுந்தால் அந்த இடம் போச்சு. அடிப்பக்கத்தை முதலில் சோதியுங்கள், தண்ணீர் தங்குவது அங்கேதான். சுற்றிலும் குறைந்தது 1.0 மி.மீ. கிடைக்கும் இடம் வரை வெட்டிப் பின்னே போங்கள். புதுப் பைப் 10 சென்டிமீட்டர் அதிகம் வாங்குவதில் பெரிய செலவில்லை, 0.7 மி.மீ. தகட்டோடு போராடுவதில்தான் நாள் போகும்.

வெட்டு நேராக வர ஒரு எளிய வழி: நேர் விளிம்புள்ள தடித்த தாளைப் பைப்பைச் சுற்றி ஒரு சுற்றரை சுற்றி, விளிம்போடு விளிம்பு சரியாகப் பொருந்துகிற மாதிரி பிடித்து, அதை ஒட்டி மார்க்கரால் கோடு போடுங்கள். 1 மி.மீ. கட்டிங் டிஸ்க்கால் கோட்டின்மேல் முதலில் சுற்றிலும் மெல்லிய பள்ளம், பிறகு அதே பள்ளத்தில் முழு வெட்டு. ஒரே பக்கத்திலிருந்து நேரே அறுத்தால் டிஸ்க் சாயும், உங்களுக்கு வந்த ஒரு பக்க இடைவெளி பெரும்பாலும் அப்படி வருவதுதான். வெட்டிய பின் உள்விளிம்புப் பிசிறை அரை வட்ட அரத்தால் எடுங்கள். பிசிறு மெல்லிய இழை, ஆர்க் பட்டதும் எரிந்து போகும், அந்த இடத்தில்தான் முதல் ஓட்டை விழும்.

இன்னொன்று. நேருக்கு நேர் இணைப்பை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பைப் மற்றொன்றுக்குள் 35 முதல் 40 மி.மீ. வரை நுழையும் சாக்கெட் இணைப்பு செய்யுங்கள். புதுப் பைப்பின் ஒரு முனையை விரித்துத் தரச் சொல்லி பைப் வளைக்கும் கடையில் கேட்கலாம். இல்லாவிட்டால் உள்விட்டம் 42.5 மி.மீ. அளவில் உள்ள 8 சென்டிமீட்டர் குழாய்த் துண்டை மேல் உறையாகப் போட்டு, அதன் இரண்டு ஓரத்தையும் பத்தவைக்கலாம். சாக்கெட்டில் ஆர்க்குக்குக் கீழே எப்போதும் ஒரு தகடு இருக்கிறது, உருகியது உள்ளே விழ இடமில்லை. என்ஜின் பக்கத்துப் பைப் உள்ளே, சைலன்சர் பக்கத்துப் பைப் வெளியே என்று வையுங்கள். புகை போகும் திசையில் விளிம்பு எதிர்த்து நிற்காது.

சாக்கெட்டில் ஆர்க்கை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வெளிப் பைப்பின் வெட்டு விளிம்பு சட்டென்று உருகும், ஏனென்றால் சூடு போக அதற்கு ஒரு பக்கம்தான் வழி. உள்பைப்பின் முழுப் பரப்புக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. கம்பியை உள்பைப்பின் மேல், விளிம்பிலிருந்து 1 மி.மீ. தள்ளி இறக்குங்கள். உருகிய குளம் தானாக விளிம்பைத் தொட்டு இழுத்துக்கொள்ளும்.

சுத்தம் செய்வதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பார்கள், ஆனால் பாதிப் பிரச்சினை அதில்தான். புதுப் பைப்புக்கு வெள்ளி நிறப் பூச்சு இருந்தால் அது பெரும்பாலும் அலுமினியப் பூச்சு. 80 கிரிட் ஃபிளாப் டிஸ்க்கால் இணைப்பின் இருபுறமும் 20 மி.மீ. வரை மெதுவாகத் தடவி எடுங்கள். தகட்டையே தேய்த்துவிடக் கூடாது. பழைய பைப்பில் வெளித் துருவோடு உள்கரியையும் வயர் பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். உள்ளே கரி இருந்தால் குளம் கொதித்துப் பொத்தல் பொத்தலாக வரும்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறதே என்று ஜி.ஐ. தண்ணீர்க் குழாயை வைக்காதீர்கள். அதிலுள்ள துத்தநாகம் வெள்ளைப் புகையாக வரும், சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல். வெல்டும் பஞ்சு மாதிரி துளை விழும்.

ஆர்கான்82:

தகடுதட்டி சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் மெஷின் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பதிவில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது: வோல்ட்டை மட்டும் திருப்பியிருக்கிறீர்கள், கம்பி வேகம் அப்படியே இருந்திருக்கிறது. மிக்கில் ஆம்பியரைத் தீர்மானிப்பது கம்பி வேகம்தான். வோல்ட் தீர்மானிப்பது ஆர்க்கின் நீளமும் குளத்தின் அகலமும். 0.8 கம்பி 4.5 மீட்டர் வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 85, 90 ஆம்பியர் இழுக்கும். அது 2 மி.மீ.க்கு மேற்பட்ட தகட்டுக்கான சூடு. 16 வோல்ட்டில் அவ்வளவு கம்பியை எரிக்க ஆர்க்குக்குச் சக்தி போதவில்லை, அதனால் கயிறாக மேலே குவிந்தது. 18 வோல்ட்டில் எரிக்க முடிந்தது, 90 ஆம்பியரும் தகட்டுக்குள் இறங்கிவிட்டது. குளிர்ந்த வெல்டு, உருகி விழும் வெல்டு இரண்டுக்குமே காரணம் ஒன்றுதான்: கம்பி அதிகம்.

எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) தகட்டுக்கு மி.மீ. ஒன்றுக்கு 40 ஆம்பியர் என்று தொடங்கலாம். 1.2 மி.மீ.க்கு 45 முதல் 50. இதிலிருந்து:

0.8 கம்பி, கார்பன் டை ஆக்சைடு: வேகம் 2.5 முதல் 2.8 மீட்டர், 17 வோல்ட் சுமார்.
0.8 கம்பி, 80/20 கலவை (80 சதவீதம் ஆர்கான், 20 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு): அதே வேகம், 15.5 முதல் 16 வோல்ட்.
0.6 கம்பி, 80/20 கலவை: வேகம் 4 மீட்டர், 14.5 முதல் 15.5 வோல்ட்.

மெஷினுக்கு மெஷின் அரை வோல்ட் வித்தியாசம் வரும். புதுப் பைப்பில் வெட்டிய மிச்சத் துண்டு இருக்கிறதல்லவா, அதிலேயே முதலில் ஓட்டிப் பாருங்கள். தட்டைத் தகட்டில் சரி பார்த்துவிட்டுப் பைப்புக்கு வந்தால் பைப் அதைவிடச் சீக்கிரம் சூடேறும், ஏனென்றால் சுற்றி வரும் சூடு திரும்ப அதே இடத்துக்கு வந்து சேர்கிறது. ஆர்க் சீரான ‘படபட’ சத்தம் கொடுக்க வேண்டும். கம்பி தகட்டைக் குத்தித் தள்ளுவது கையில் தெரிந்தால் வேகம் அதிகம். கம்பி நுனி உருண்டையாகித் தொங்கி விழுந்தால் வேகம் குறைவு, அல்லது வோல்ட் அதிகம்.

0.6 கம்பிக்கு மாறலாமா என்றால், ஆம், மாறுங்கள். 0.8 கம்பி 40 ஆம்பியர் பக்கத்தில் தள்ளாடும். 0.6 கம்பி 30 ஆம்பியரிலும் நிதானமாக எரியும். 1 கிலோ ஸ்பூல் ஒன்று இப்படிப்பட்ட பல வண்டிகளுக்குப் போதும். ஆனால் கம்பியை மட்டும் மாற்றினால் போதாது. கம்பியைத் தள்ளும் ரோலரை 0.6 பள்ளத்துக்குத் திருப்ப வேண்டும், கம்பி வெளிவரும் டிப் 0.6 போட வேண்டும். டார்ச் கேபிளுக்குள் கம்பி ஓடும் குழாயான லைனர் 0.6, 0.8 இரண்டுக்கும் பொதுவான நீல நிறமாக இருந்தால் அதுவே போதும். 1.0க்கு மேல் உள்ள சிவப்பு லைனரில் 0.6 கம்பி உள்ளே நெளிந்து மாட்டும். டார்ச் கேபிளைச் சுருட்டாமல் நீட்டி வையுங்கள். ரோலர் அழுத்தத்துக்குச் சோதனை: டார்ச்சை மரக்கட்டைக்கு 5 சென்டிமீட்டர் தூரத்தில் சாய்த்துப் பிடித்து ட்ரிக்கரை அழுத்துங்கள். கம்பி கட்டையில் முட்டி வளைந்து தொடர்ந்து வர வேண்டும், ரோலரில் வழுக்கக் கூடாது. அதற்கு மேல் இறுக்கினால் மெல்லிய கம்பி நசுங்கி டிப்பில் சிக்கும்.

கேஸ் போடும் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவில், எர்த் நெகட்டிவில் இருக்க வேண்டும். கேஸ் இல்லாத ஃபிளக்ஸ் கம்பி ஓட்டிவிட்டு வந்த மெஷினில் இது தலைகீழாக இருக்கும், கவர் திறந்து பாருங்கள். கேஸ் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர். டிப்பிலிருந்து கம்பி 8 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும். ஃபேன் காற்று பைப்பின் ஒரு முனையில் புகுந்தால் உள்ளே ஓடி இணைப்பின் வழியே வெளிவந்து கேஸைத் தள்ளிவிடும். இரண்டு முனையையும் துணியால் தளர்வாக மூடினால் அந்தத் தொந்தரவு தீரும்.

என் கருத்து: சாதாரண கார்பன் டை ஆக்சைடை விட்டு 80/20 அல்லது 82/18 கலவைக்குப் போய்விடுங்கள். மெல்லிய தகட்டில் வேறுபாடு பெரிது.

மூன்றாம்கியர்:

கேஸ் விஷயத்தில் மட்டும் ஆர்கான்82 அண்ணாவோடு முழுசா ஒத்துப்போக முடியல. கலவை நல்லதுதான், மறுப்பில்ல. ஆனா ஒரே ஒரு பைப்புக்காகப் புது சிலிண்டர், டெபாசிட், ரெகுலேட்டர்னு செலவு பண்ணச் சொல்லக் கூடாது. கார்பன் டை ஆக்சைடுல ஆர்க் முரட்டுத்தனமா இருக்கும், ஆழமாப் போகும், தெறிப்பு அதிகம். புள்ளி வைக்கும் முறையில அந்த ஆழம் நமக்குச் சாதகம். ஒவ்வொரு புள்ளியும் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்குறதால பிடிக்காமப் போறதுதான் அங்க முக்கிய ஆபத்து, கார்பன் டை ஆக்சைடு அதைக் குறைக்குது. தெறிப்புக்கு நாசில்ல தெறிப்பு ஒட்டாத ஸ்ப்ரே அடிச்சு, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணாப் போதும். இருக்கிற கேஸ்லயே முடிக்கலாம்.

ஒரே ஓட்டமா, புள்ளியான்னு கேட்டீங்க. 1.2 மி.மீ.க்குப் புள்ளி. ஆனா புள்ளின்னு சொன்னவுடனே ஆளாளுக்குக் கண்டபடி ‘டக் டக்’னு அடிச்சு, நடுவுல நடுவுல பிடிக்காத புள்ளிகளை அடுக்கி வச்சிருவாங்க. வெளியே அழகா இருக்கும், உள்ளே புகை கசியும். சரியான முறை இப்படி.

முதல்ல சுத்தி நாலு இடத்துல டேக் (பைப்பைப் பிடிச்சு நிறுத்துற சின்ன வெல்டு). 12 மணி, 6 மணி, 3 மணி, 9 மணின்னு எதிரெதிரா. ஒரு பக்கமா வச்சுக்கிட்டே போனா வெல்டு சுருங்கி இழுத்து எதிர்ப்பக்கம் வாய் திறக்கும். டேக் வச்சதும் பைப்பை வண்டியில மாட்டி, பைப்பைத் தொங்கவிடுற எல்லா ஹேங்கர் ரப்பரும் உட்காருதா, பைப் எங்கயும் இடிக்குதான்னு பாருங்க. தப்பா இருந்தா டேக்கை வெட்டித் திருத்தலாம், முழுசாப் பத்தவைச்ச பிறகு முடியாது. அப்புறம் கழட்டி வெளியே வச்சு முடிங்க.

இனி புள்ளி. டேக்கோட மேலேயே தொடங்குங்க, வெறும் தகட்டுல தொடங்காதீங்க. ட்ரிக்கர் முக்கால் நொடியிலிருந்து ஒரு நொடி, குளம் 5 மி.மீ. அகலம் விரியும் வரைக்கும். விடுங்க, டார்ச்சை எடுக்காதீங்க. வெள்ளை, ஆரஞ்சாகி, மங்கின சிவப்பாகும். அந்தச் சிவப்பு அணையறதுக்கு முன்னாடி அடுத்த புள்ளி, முதல் புள்ளியோட முன் ஓரத்துல, மூணுல ஒரு பங்காவது மேலே ஏறுற மாதிரி. முழுசாக் கறுத்த பிறகு வச்சா ஒட்டும், உருகிச் சேராது. ஆரஞ்சா இருக்கும்போதே வச்சா விழுந்துரும். இந்த மங்கின சிவப்பைக் கண்ணால பார்க்கிறதுதான் மொத்த வித்தையும். தானியங்கி ஹெல்மெட் இருந்தா டிலேயைக் குறைச்சு வையுங்க, இல்லாட்டி கண்ணாடி வெளிச்சமாகிறதுக்குள்ள சிவப்பு போயிரும். ஷேடு 9 அல்லது 10 போதும், 11 போட்டா இந்த ஆம்பியர்ல ஒண்ணும் தெரியாது.

இப்படி 25 மி.மீ. வரை போனதும் நிறுத்திட்டு எதிர்ப்பக்கத்துக்குப் போங்க. வேலை எப்பவும் 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவுல இருக்கட்டும், மேலிருந்து கீழே இறங்குங்க, பைப்பைத் திருப்பிக்கிட்டே வாங்க. கீழே இறங்கும் வெல்டு ஆழம் குறைவு, அதனாலதான் மெல்லிய தகட்டுக்கு நல்லது. தடித்த இரும்புக்கு அப்படிச் செய்யக் கூடாது.

ஓட்டை விழுந்துட்டா உடனே அடைக்கப் போகாதீங்க. சுத்தியும் தகடு சிவந்திருக்கும், எது வச்சாலும் அதுவும் சேர்ந்து விழும். கையில தொடுற அளவுக்கு ஆறட்டும். விளிம்பை அரத்தால தடவிட்டு, ஓட்டையோட ஓரத்துல, கனமான தகட்டுப் பக்கம், அரை நொடிப் புள்ளி ஒண்ணு. ஆறவிட்டு எதிர் ஓரத்துல ஒண்ணு. இப்படி உள்ளே வட்டமாக் குறுக்கிக்கிட்டே வந்து கடைசியா நடுவை மூடணும். உள்ளே கை எட்டுமானா தட்டையாக்கின செம்புக் குழாய்த் துண்டை அடியில பிடிங்க. இரும்பு செம்புல ஒட்டாது, சூட்டையும் அது வாங்கிக்கும். 4 மி.மீ.க்கு மேல ஓட்டை இருந்தா கம்பியால மூடாதீங்க, அதே கனத்துல தகட்டுத் துண்டு வச்சுப் பத்தவைங்க.

வெண்பொறி:

மூவருக்கும் நன்றி. கம்பி வேகத்தை 2.6க்கு இறக்கி, மிச்சத் துண்டில் சாக்கெட் மாதிரி செய்து ஓட்டினேன். 17 வோல்ட்டில் புள்ளி முறையில் விழவே இல்லை. வெட்டிப் பார்த்தேன், உள்பைப்பின் அடியில் நீலம் பாய்ந்திருக்கிறது, உருகியது துளைக்கவில்லை. பழைய பைப்பைத் தட்டிப் பார்த்து இன்னும் 9 சென்டிமீட்டர் பின்னே வெட்டிவிட்டேன், இப்போது சுற்றிலும் 1.0க்கு மேல் வருகிறது.

அப்படி வெட்டியதில் இரண்டு புதுக் கேள்வி. ஒன்று, ஆக்சிஜன் சென்சார் இருக்கும் துண்டுக்கு மிக அருகில் வந்துவிட்டேன், சென்சார் மாட்டும் பழைய நட்டும் மரை போயிருக்கிறது. புது நட்டை இதே மெஷினில் வைக்கலாமா? இரண்டு, முன்பக்கப் பைப்பைச் சுத்தம் செய்தபோது துரு மேலோட்டமாக மட்டும் இருந்தது, உள்ளே வெள்ளையாகப் பளபளக்கிறது. காந்தம் ஒட்டுகிறது. அது எஸ்.எஸ்.ஸா (துருப்பிடிக்காத எஃகு), எம்.எஸ்.ஸா?

ஆர்கான்82:

காந்தம் ஒட்டுவதால் மட்டும் எம்.எஸ். என்று முடிவு செய்ய முடியாது. கார் பைப்பில் பரவலாக இருக்கும் 409 ரகம் குரோமியம் 11 சதவீதம் சுமாருள்ள எஸ்.எஸ்., நிக்கல் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. அதில் காந்தம் நன்றாக ஒட்டும். வெளியே பழுப்புத் துரு மெல்லிசாகப் படியும், ஆனால் எம்.எஸ். மாதிரி சீக்கிரம் அரிக்காது. காந்தம் ஒட்டாதது 304 ரக எஸ்.எஸ். கிரைண்டரில் தொட்டுப் பாருங்கள்: எம்.எஸ். கிளை கிளையாக வெடிக்கும் நிறையப் பொறி தரும், 409 குறைவாக, செம்மஞ்சள் நிறத்தில், கிளையில்லாமல் தரும். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு அது 409 ஆகத்தான் இருக்க வேண்டும்.

409ஐ எம்.எஸ். பைப்போடு இணைக்க 309எல்.எஸ்.ஐ. என்ற எஸ்.எஸ். கம்பி எடுங்கள், 0.8 மி.மீ. கிடைக்கும். சாதாரண செம்புப் பூச்சுக் கம்பியிலும் பிடிக்கும், நிறையப் பட்டறையில் அப்படித்தான் செய்கிறார்கள், ஆனால் வெல்டும் அதன் ஓரமும் முதலில் துருப்பிடிக்கும். பைப் நல்லதாக இருந்து இணைப்பு மட்டும் போவது வேலை கெட்டதாகவே கணக்கு.

எஸ்.எஸ். கம்பிக்கு மட்டும் கேஸ் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சுத்தமான கார்பன் டை ஆக்சைடு ஆகாது: வெல்டுக்குள் கரி ஏறும், மேற்பரப்பு கறுத்துப் போகும், அப்புறம் எஸ்.எஸ். கம்பி போட்டதற்கே பயனில்லை. ஆர்கானில் 2 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்தது வேண்டும். சிறிய சிலிண்டர் வாடகைக்குக் கிடைத்தால் அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் எடுங்கள். வேறு வழியே இல்லை என்றால் 409க்கும் எம்.எஸ்.க்கும் நடுவில் வெல்டு செய்யாமல், சாக்கெட் போட்டு அகலமான சைலன்சர் கிளாம்பால் இறுக்குவது மேல்.

முன்னால் 304 துண்டு ஏதாவது வந்தால் ஆம்பியரை 10, 15 சதவீதம் இன்னும் குறையுங்கள். 304 சூட்டைக் கடத்துவது எம்.எஸ்.ஸில் மூன்றில் ஒரு பங்குதான், விரிவதோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சூடு ஒரே இடத்தில் தேங்கி பைப் கோணும். டேக்குகளை இரட்டிப்பாக வையுங்கள்.

எஸ்.எஸ். புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் வரும், அது புற்றுநோய் தரக்கூடியது. வெல்டிங் புகை பொதுவாகவே அப்படித்தான் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் முதல் வகையில் சேர்த்தது. கதவைத் திறந்து வைப்பதோடு நிறுத்தாமல், ஹெல்மெட்டுக்குள் போடக்கூடிய பி100 வடிகட்டி முகமூடி வாங்குங்கள். இதற்குத் துணி கட்டினால் பயனில்லை.

தகடுதட்டி:

சென்சார் நட்டுக்கு: மரை எம்18, பிட்ச் 1.5. நட்டு என்ன ரகம் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள், 409 பைப்புக்கு எஸ்.எஸ். நட்டும் அதே 309எல்.எஸ்.ஐ. கம்பியும். பைப்பில் துளையை நட்டின் வெளிவிட்டத்துக்குப் போடாதீர்கள், உள்விட்டத்தைவிட 1 மி.மீ. பெரிதாகப் போட்டால் போதும். நட்டு பைப்பின் மேல் உட்கார வேண்டும், உள்ளே விழக் கூடாது. நட்டின் அடியைப் பைப்பின் வளைவுக்கு ஏற்ப அரத்தால் குடைந்து, வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பொருத்துங்கள்.

இடம்: சென்சார் கிடைமட்டத்துக்கு மேலே குறைந்தது 10 பாகையாவது சாய்ந்து நிற்க வேண்டும். பக்கவாட்டிலோ கீழே பார்த்தோ வைத்தால் பைப்பில் நிற்கும் தண்ணீர் சென்சார் முனையில் தங்கி, சூடேறும்போது உள்ளே இருக்கும் பீங்கான் விரிசல் விடும்.

பத்தவைக்கும்போது பழைய, வேலை செய்யாத சென்சாரையோ அதே மரையுள்ள போல்ட்டையோ நட்டுக்குள் திருகி வையுங்கள். இல்லாவிட்டால் நட்டு சுருங்கி மரை சிக்கும். நல்ல சென்சாரை வைத்துப் பத்தவைக்காதீர்கள். நட்டின் கனம் 5 மி.மீ.க்கு மேல், பைப் 1.2, ஆகவே ஆர்க்கை நட்டின்மேல் தொடங்கிக் குளம் பைப்பைத் தொட்டதும் விட்டுவிடுங்கள். கால் வட்டம், எதிர்க் கால் வட்டம், பிறகு மீதி இரண்டு. கை தாங்கும் சூட்டுக்கு வந்த பின்தான் போல்ட்டைக் கழற்ற வேண்டும். ஃபிளேஞ்சுக்கும் (பைப் முனையில் போல்ட் போடும் தடித்த தட்டு) இதே விதிதான்: சூடு எப்போதும் தடித்த பக்கம். கூடுதலாக ஃபிளேஞ்சை அதன் ஜோடியோடு அல்லது ஒரு 10 மி.மீ. தகட்டோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டுப் பத்தவையுங்கள், கோணினால் கேஸ்கெட் நிற்காது.

வலைப்பின்னல் உள்ள ஃபிளெக்ஸ் பைப் பக்கத்தில் இருந்தால் அதை ஈரத்துணியால் மூடுங்கள். தெறிப்பு பின்னலில் ஒட்டினால் அந்த இழை அசையாமல் அறுந்துபோகும்.

கியர்பெட்டி_5:

தாமதமாகப் பார்க்கிறேன், ஆனால் யாரும் சொல்லாத இரண்டு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். குளோரின் கரைப்பான் உள்ள ரகமாக இருந்தால் ஆர்க்கின் புற ஊதாக் கதிரிலும் சூட்டிலும் அது பாஸ்ஜீன் வாயுவாக மாறும். கொஞ்சம் சுவாசித்தாலே நுரையீரலில் நீர் கோத்து உயிர் போகும் விஷம், அறிகுறி பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அசிட்டோன் போட்டுத் துடைத்து முழுக்கக் காய விடுங்கள், பாட்டிலையும் துணியையும் வேலை இடத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

அடுத்தது, வண்டியில் வைத்தே டேக் போடும்போது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், ஆக்சிஜன் சென்சார் பிளக்கையும் எடுங்கள். எர்த் கிளாம்பை பத்தவைக்கும் பைப்பிலேயே, இணைப்பிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மாட்டுங்கள். பாடியில் எங்கோ மாட்டினால் மின்சாரம் ஹேங்கர், என்ஜின், பேரிங், வயரிங் என்று வழி தேடிப் போகும். பெட்ரோல் டேங்கும் லைனும் எங்கே ஓடுகின்றன என்று முதலில் கண்ணால் பாருங்கள். அருகில் இருந்தால் வண்டியில் வைத்து டேக்கே வேண்டாம், மார்க்கரால் கோடு போட்டு வெளியே எடுத்துச் செய்யுங்கள். தரைத் தகட்டில் பூசிய தாரும் உள்ளே இருக்கும் கம்பளமும் மெதுவாகப் புகையும், முடித்த பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அணைப்பானும் ஒரு வாளித் தண்ணீரும் கை எட்டும் தூரத்தில். வண்டி ஜாக்கில் மட்டும் நிற்கக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும்.

மூன்றாம்கியர்:

கசிவு பார்க்கிறதையும் சொல்லிடறேன். என்ஜினை ஓட்டிக் கையை வச்சுப் பார்க்காதீங்க. சூடு, சத்தம், ஒண்ணும் தெரியாது. பின்பக்கப் பைப் வாயில புளோயரையோ, ஊதுற பக்கம் மாட்டின வேக்கம் கிளீனர் குழாயையோ துணி சுத்திச் சொருகுங்க, முன்பக்கத்தை மூடுங்க. சோப்புத் தண்ணியைப் பிரஷ்ஷால எல்லா இணைப்பிலயும் தடவுங்க. நுரை பொங்குற இடத்துல மார்க்கரால வட்டம். அந்த இடத்தை மேலோட அப்படியே இன்னொரு புள்ளி வச்சு மூடாதீங்க, கிரைண்டரால சின்னதாக் குடைஞ்சு சுத்தம் பண்ணி, காயவைச்சு, அப்புறம் வையுங்க. சோப்பும் ஈரமும் இருந்தா திரும்பத் துளை விழும்.

சென்சாருக்கு முன்னாடி இருக்கிற கசிவை ஊசித் துளையா இருந்தாலும் விடக் கூடாது. புகை துடிச்சுத் துடிச்சுதான் வெளியே போகும், ரெண்டு துடிப்புக்கு நடுவுல பைப்புக்குள்ள அழுத்தம் குறைஞ்சு வெளிக்காத்தை உள்ளே இழுக்கும். சென்சார் ஆக்சிஜன் அதிகம்னு சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் போகும். சைலன்சருக்குப் பின்னாடி இருக்கிற ஊசித் துளை அவ்வளவு அவசரமில்ல. சைலன்சரோட அடியில கம்பெனியே போட்ட சின்னத் துளை ஒண்ணு இருந்தா அது தண்ணி வடியறதுக்கு, அதைப் போய் அடைச்சுராதீங்க.

பூச்சு எடுத்த இடத்துக்கு 600 டிகிரி தாங்கும் வெள்ளிப் பெயிண்ட், வெல்டு ஆறினதும் வயர் பிரஷ் போட்டுட்டு ரெண்டு மெல்லிய கோட். டப்பாவுல போட்டிருக்கிற மாதிரி சூடேத்தி ஆறவிட்டாத்தான் அது இறுகும், முதல் ஓட்டத்துல கொஞ்சம் புகையும், பயப்பட வேண்டாம்.